வீடு குளிர்ந்திருக்கட்டும்

ஹால்வர் மண்டியிட்டு, விறகு அடுப்பிலிருந்து தணலை வாரி இரும்பு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அக்டோபரில் பற்ற வைத்ததிலிருந்து அந்த அடுப்பு ஒரு நாளும் அணைந்ததில்லை. வாளி நிறைந்ததும் வாசலுக்குத் தூக்கிப் போய் மழையில் கவிழ்த்தார். தணல் சீறியது. கிளம்பிய ஆவியைக் காற்று அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. திரும்ப உள்ளே வந்து மண்டியிட்டார்.

அவருக்குப் பின்னால், கடலைப் பார்த்த ஜன்னலோரம், நகராட்சி இரவலாகக் கொடுத்திருந்த இரும்புக் கட்டிலில் அவர் மனைவி யோருன் கிடந்தாள். விடிகாலையில் மூச்சு நின்றிருந்தது. தாடையைத் துண்டால் கட்டி, தலையைச் சீவிவிட்டிருந்தார். வகிடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று குழம்பி இரண்டு முறை சீவினார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அதைக் கவனிக்காமல் போனது அவரை உலுக்கிவிட்டது. எதற்கும் கலங்காதவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் அழுதார்.

நர்ஸ் தொலைபேசியில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"புயல் அடங்குற வரைக்கும் படகு விட மாட்டாங்க ஹால்வர். டாக்டரும் முதல் படகுலதான் வருவாரு. அதுவரைக்கும் அடுப்ப அணைச்சிடுங்க. ஜன்னலக் கொஞ்சம் தெறந்து வைங்க. வீடு எவ்வளவு குளிர்ந்திருக்கோ அவ்வளவு நல்லது."

"அவளுக்குக் குளிருமே" என்றார் ஹால்வர், யோசிக்காமல்.

"நீங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கோங்க" என்றாள் நர்ஸ். "உங்களுக்குத்தான் குளிரும்."

கோடைக்கு வந்து போவதற்காகத் தீவில் கட்டிய வீடு அது. சமையல், சாப்பாடு, உட்காருவது எல்லாம் ஒரே கூடத்தில்தான். பக்கத்தில் படுக்கையறை என்ற பெயரில் ஒரு சந்து. இரும்புக் கட்டில் அந்தக் கதவுக்குள் நுழையாததால்தான் யோருனைக் கூடத்தில் போட வேண்டியிருந்தது. தீவின் மற்ற விடுமுறை வீடுகளெல்லாம் செப்டம்பரிலேயே பூட்டியாகிவிட்டது. வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிற ஒரே ஆள் ஆடு வளர்க்கிற செவெரின். அவனும் ஆடுகளுக்கு மருந்து வாங்கக் கரைக்குப் போன இடத்தில் புயலில் மாட்டிக்கொண்டான். தீவில் இப்போது ஹால்வரும் செவெரினின் ஆடுகளும்தான். யோருனையும் சேர்த்து எண்ணப் போய், அந்த எண்ணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

அன்று முழுக்க மேல்கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெர்கன் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல.

மறுநாள் காலை கெட்டில் போடப் போனபோது காலுறை நனைந்தது. ஃப்ரிட்ஜுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

மேல் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்தது. பால் சில்லென்றுதான் இருந்தது. கீழே ஃப்ரீசரைத் திறந்தார். உள்சுவரில் ஒட்டியிருந்த பனி பளபளவென்று வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. வெண்ணெய் டப்பாக்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள் என்று மேலிருந்து கீழ்வரை இடைவெளியில்லாமல் அடுக்கியிருந்தவை எல்லாம் ஈரமாக இருந்தன. ஒன்றை எடுத்து அழுத்தினார். நடுவில் கல்லாகத்தான் இருந்தது. ஓரம் விரலுக்கு இடம் கொடுத்தது.

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை.

இந்தக் கோளாறு அவருக்குத் தெரிந்ததுதான். வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே அயிலை மீன் முழுவதையும் அழுக வைத்த பெட்டி இது. பால் வைக்கிற மேல் அறையில்தான் அதன் புத்தி இருக்கிறது. அந்த அறை குளிர்ந்திருந்தால், நமக்கு இனி வேலையில்லை என்று மொத்தமாக ஓய்ந்துவிடும். கீழே ஃப்ரீசரில் என்ன உருகினாலும் அதற்குக் கவலையில்லை. வீடு கதகதப்பாக இருந்தால்தான் அது ஓடும், ஓடினால்தான் ஃப்ரீசர் உறையும். அப்போதே யோருன் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அப்படியே உன்ன மாதிரி. தனக்கு சௌகரியமா இருந்தா ஊருக்கே சௌகரியம்னு நெனச்சிக்கும்."

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து, கதவை மெதுவாக மூடினார். அந்த மெதுவிலேயே அவருடைய பயம் தெரிந்தது.

அந்த டப்பாக்கள்மேல் அவருக்குத் தீராத கோபம் உண்டு. கணையத்தில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவமனையில் சொன்ன மறுவாரமே யோருன் இந்தத் தீவுக்கு வந்துவிட்டாள். வந்தவள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள், தானும் பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்திருந்தார். அவளோ அடுப்பு மேடை முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இலையுதிர்காலம் முழுக்கச் சமைத்தாள். ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும், ஜாதிக்காய் போட்ட கறி உருண்டை, மீன் உருண்டை, பட்டாணிக் கூழ். உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிடும். கையிலிருக்கிற உருண்டையைக் கீழே வைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு வலி போகிறவரைக்கும் காத்திருப்பாள். பிறகு அதை உருட்டி முடிப்பாள்.

"விடு யோருன். வந்து என்னோட உட்காரு" என்று ஒரு நாள் கத்தியே விட்டார். "இருக்கிற கொஞ்ச நாளையும் இந்தச் சட்டிக்கே குடுக்கறியே."

"உன்னோட உக்காந்தா மே மாசம் நீ என்னத்தத் திம்ப, கிழவா?"

"நான் என்ன குழந்தையா? நீ செஞ்சு வெச்சிட்டுப் போறத ஒரு வாய்கூடத் தொட மாட்டேன், பாத்துக்க."

"தொடுவ" என்றாள். "பசிச்சா தொடுவ. எதுல என்ன இருக்குன்னு எழுதல. எடுத்துத் தின்னு தெரிஞ்சுக்க."

இப்போது அந்தப் பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவளுடைய கடைசிப் பலம் முழுவதும். அது தண்ணீராகி அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வைக்கலாமென்றால் வெளியே மழை. ஜனவரி என்று பெயர்தான், இந்தக் கரையில் பனி தரையில் தங்காது. குளிர் உறைநிலைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட, மழையாகவே கொட்டித் தீர்க்கும். வெளிக்குளிரும் வீட்டுக்குளிரும் ஒன்றாகத்தான் இருந்தது. யோருனைப் படகுக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டால் வீட்டைச் சூடாக்கலாம் என்று தோன்றியது. கட்டிலருகே போய் அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்துப் பார்த்தார். விறைத்திருந்தாள். ஒரு சாண் தூக்குவதற்குள் அவருடைய இடது தோள் பிடித்துக்கொண்டது. இழுத்துக்கொண்டு போகலாம்தான். பாறை மேல், மழையில், மூட்டையை இழுக்கிற மாதிரி. நினைத்த மாத்திரத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க" என்று அவள் போர்வையைச் சரிசெய்தார்.

மாரித் தொலைபேசியில் வந்தாள். அவர்களுடைய ஒரே மகள். செய்தி கேட்டு விமானம் பிடித்து வந்து, எதிர்க்கரையில், செவெரின் தங்கியிருந்த அதே விடுதியில் காத்துக் கிடந்தாள்.

"அப்பா, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சு."

"என்னது?"

"ஃப்ரீசர் உருகுது மாரித். உங்கம்மா செஞ்சு வெச்சதெல்லாம் உருகுது."

"விடுங்கப்பா. சாப்பாடுதானே."

"ஆமா. சாப்பாடுதான்."

அவர் குரல் அவளை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். "சரி, அப்ப ஒரு மணி நேரம் அடுப்பப் பத்த வெச்சி..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இல்ல. வேணாம். வேணாம்ப்பா."

"அதான்."

பக்கத்திலிருந்த செவெரின் தொலைபேசியை வாங்கினான். "ஏம்பா ஹால்வர், காத்து கொஞ்சம் மசிஞ்சா போதும், என் படகுலயே கூட்டிட்டு வந்துடறேன். ஆமா, என் ஆடுங்களப் பாத்தியா?"

"இங்க என் பொண்டாட்டி செத்துக் கெடக்கா. உன் ஆட்ட நான் பாக்கணுமா?"

"கோவிச்சுக்காத. ஆடுங்க தானாப் பொழச்சுக்கும். நீ தானாப் பொழைக்க மாட்ட. எழுந்து வெளிய போய் அதுங்களயாவது பாத்துட்டு வாயேன்னுதான் சொன்னேன்."

ஹால்வர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

யோருனின் கால்மாட்டில் வெந்நீர்ப் பை கிடந்தது. இந்தக் கடைசி வாரங்களில் அவள் காலுக்கு அதை மாற்றி மாற்றி வைத்ததுதான் அவருக்கு வேலை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குத் திடீரென்று வழி புலப்பட்டது. வீட்டையே சூடாக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியின் மேல் அறையை மட்டும் ஏமாற்றினால் போதும். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பையில் ஊற்றி, துணியில் சுற்றி, பாலையும் சீஸையும் வெளியே எடுத்துவிட்டு அங்கே வைத்து மூடினார். காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு 'டக்' என்றது. தொடர்ந்து அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். பெட்டி முழுவதும் நடுங்கி ஓடத் தொடங்கியது.

"யோருன்!" என்று கூவிக்கொண்டே திரும்பிவிட்டார்.

கட்டிலைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார்.

பை சீக்கிரமே ஆறிப்போகும். ஆறினால் பெட்டி ஓய்ந்துவிடும். உடனே மறுபடி கெட்டில், மறுபடி பை. அன்று பகல் போய் இருட்டி, இருட்டே நீண்டு, அவர் எழுந்து எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்தார். உடம்பில் போட்டிருந்த மூன்று ஸ்வெட்டரையும் தாண்டிக் குளிர் எலும்பைத் தேடி வந்தது. கொதிக்கிற கெட்டில் மேல் மட்டும் கையைக் காட்டிக்கொள்வார். பசித்தது. ரொட்டி இருந்தது, வெட்டத் தோன்றவில்லை. இந்த ஒன்றைக் காப்பாற்றிவிட்டால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று, கோயில் பக்கம் போகாத மனிதர், யாரிடமென்று தெரியாமலே சொல்லிக்கொண்டார். முதுகை ஃப்ரிட்ஜில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். அதன் அதிர்வு முதுகில் ஏறியது. பக்கத்தில் ஒருவர் படுத்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதுதான் அவரைத் தூங்க வைத்துவிட்டது.

கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அலறிக்கொண்டுதான் எழுந்தார். பெட்டி வாயடைத்து நின்றது. பை குளிர்ந்து தவளை போலக் கிடந்தது. கீழ்க் கதவைத் திறந்ததும் தண்ணீர் பாதத்தில் கொட்டியது. டப்பாக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எதிலும் கல் இல்லை. அழுத்தின இடமெல்லாம் குழைந்தது.

"ஐயோ. தூங்கிட்டேனே. ஐயோ, தூங்கிட்டேனே."

அதற்குப் பிறகு செய்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. தாளைக் கசக்கினார், சிராய்களை அடுக்கினார், தீக்குச்சியைக் கிழித்தார். உலர்ந்த பூர்ச்சமரக் கட்டைகளைக் கை கொண்ட மட்டும் அடுப்பில் திணித்தார். ஜன்னலை அறைந்து சாத்தினார். இப்போது உறைய வைத்தால் போதும், முழுதாகக் கெட்டிருக்காது, இன்னும் காப்பாற்றிவிடலாம். தீ பிடித்து இரைந்தது. அடுப்பின் இரும்பு விரிசலிடுகிற மாதிரி சத்தம் போட்டுச் சூடேறியது. கூடத்துக்குள் கதகதப்பு பரவியது. கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் 'டக்' என்று தானே ஓட ஆரம்பித்தது.

ஹால்வர் நாற்காலியில் விழுந்தார். விரல் நுனிகளில் இரத்தம் திரும்பி ஊசி குத்தியது. வெற்றி பெற்றவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் போர்வைக்குள் கையை விட்டு யோருனின் கையைப் பிடித்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அடுப்புப் பக்கமிருந்த கை அது. இறுக்கமும் தளர்ந்திருந்தது. விரல்கள் அவர் விரல்களுக்கு ஏற்ப மடங்கின. போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

கடைசியில் பார்த்தார். நெற்றியில் பொடிப்பொடியாக ஈரம் பூத்திருந்தது. வாயோரத்தின் நிறம் மாறியிருந்தது.

அவள் கையைக் கீழே வைத்தார். எழுந்து போய், சிந்திய தண்ணீரைத் துடைத்துப் பிழிந்து வைத்திருந்த வாளியை எடுத்து, அடுப்பின் கதவைத் திறந்து ஒரே வீச்சாக ஊற்றினார். சாம்பலும் ஆவியும் முகத்தில் அறைந்தன. இருமிக்கொண்டே போய் ஜன்னல்கள் எல்லாவற்றையும், வாசல் கதவையும் அகலத் திறந்துவிட்டார். மழை நேராக உள்ளே அடித்தது. துண்டை எடுத்து அவள் நெற்றியைத் துடைத்தார். அவள்மேல் படிந்த சாம்பலைத் துடைத்தார். "போதும்" என்றார். "போதும், யோருன். போகட்டும்."

ஃப்ரிட்ஜ் இன்னும் சற்று நேரம் ஓடி, பிறகு நின்றது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அடுத்த நாள் நண்பகலுக்குக் காற்று மசிந்தது. செவெரினின் படகு எதிர்க்கரையிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்து துறையில் முட்டியது. மாரித்தும் இளவயது டாக்டர் ஒருவரும் இறங்கினார்கள். செவெரின், அடக்க நிலையத்தார் கொடுத்தனுப்பிய வெள்ளைச் சவப்பெட்டியைக் கயிற்றை அவிழ்த்து இறக்கினான்.

மாரித் உள்ளே வந்து முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முகமெல்லாம் சாம்பல், மூன்று ஸ்வெட்டர், நீலம் பாரித்த உதடு.

"என்னப்பா இது?" என்று அவர் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைக்கப் போனாள். அவர் தடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். நான்கு பேருமாக யோருனைப் பெட்டியில் வைத்து, வழுக்கும் பாறை மேல் அடி அடியாகத் தூக்கிப் போய்ப் படகுக் கொட்டகையில் இறக்கினார்கள். அலை இன்னும் உயரமாக இருக்கிறது, அது தணிந்த பிறகு கிளம்பலாம் என்றான் செவெரின்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாரித் கறுப்புக் குப்பைப் பை ஒன்றை உதறி விரித்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள்.

"அத அங்கயே வை" என்றார் ஹால்வர்.

"எல்லாம் உருகிப் போச்சுப்பா."

"உருகித்தான் போச்சு. கெட்டுப் போகல. இந்தக் குளிர்ல என்ன கெடும்? உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."

அவர் மறுபடி அடுப்பை மூட்டினார். ஈரச் சாம்பல் முரண்டு பிடித்தது, ஊதி ஊதி எரிய வைத்தார். மீன் வேக வைக்கிற பெரிய சட்டியையும் வாணலியையும் வைத்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எது என்னவென்று முகர்ந்து பார்த்துக் கொட்டினார். மாரித் உருளைக்கிழங்கைக் கழுவித் தோலோடு வேகப் போட்டாள். அவர் சட்டியை நிரப்ப நிரப்ப டப்பா வந்துகொண்டே இருந்தது.

"இவ்வளவயும் யாரு திங்கறது?" என்றான் செவெரின்.

"நீதான்."

"அவ உயிரோட இருந்த வரைக்கும் எனக்கு ஒரு உருண்டை போட்டதில்லயேப்பா. என் ஆடு அவ ரோஜாவத் தின்னதுக்குப் பதினஞ்சு வருஷம் முகம் குடுத்துப் பேசல."

"இப்ப தின்னுக்க. அவ வந்து கேக்க மாட்டா."

செவெரின் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை நீட்டினான்.

நால்வரும் மேசையில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டாக்டர் முதலில் மரியாதைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார், பிறகு பசிக்கு எடுத்துக்கொண்டார். ஹால்வர் கறி உருண்டையைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். உப்பே இல்லை. அடுத்து ஆட்டுக்கறியை எடுத்தார். அதிலும் உப்பில்லை. மருந்து அவள் நாக்கை எப்போதோ கொன்றிருந்தது. ருசியே தெரியாமல்தான் அவள் அத்தனையும் சமைத்திருக்கிறாள். ஒரு நாளும் அவரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லவில்லை. ஒரு வாய்கூடத் தொட மாட்டேன் என்று அவர்தான் சொல்லியிருந்தாரே.

மாரித்தும் கண்டுகொண்டாள். எழுந்து அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். செவெரின் போட்டுக்கொண்டான். டாக்டர் போட்டுக்கொண்டார். மாரித் ஜாடியை அப்பா பக்கம் நகர்த்தினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படர்ந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். மூலையில் 'டக்' என்று சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றுமே இல்லாத ஃப்ரிட்ஜ் நடுங்கி, முனகி, ஓடத் தொடங்கியது.

மாரித்தின் கரண்டி பாதி வழியில் நின்றது. அதை அணைக்க எழுந்திருக்கப் போனாள்.

"ஓடட்டும்" என்றார் ஹால்வர்.

செவெரின் சட்டியிலிருந்து இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்து, சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றித் தோலை உரித்து, அவர் தட்டில் வைத்தான்.